காயைப் பார்த்துவிட்டுச் சமையலை முடிவு செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: "கோயம்புத்தூரில் நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வருடம் முழுக்க உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்றே சமைக்கிறேன். அந்தந்தப் பருவத்துக் காயை வைத்து, அம்மா வீட்டில் செய்வதுபோல எளிமையாகச் சமைக்க ஆசை. எது எப்போது வரும், வந்தால் அதை என்ன செய்வது? மாலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது."

மாதவாரியாகவும் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்கான காயைத் தேடிக் கடைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் எல்லாப் பருவத்திலும் கிடைக்கிற காய்தான் கைக்கு வரும். வெறும் பையோடு போங்கள். எது குவிந்து கிடக்கிறதோ, எது மலிவோ அதன் பக்கத்தில் நின்று, இளசா முற்றலா என்று பார்த்து வாங்குங்கள். அது பொரியலா, கூட்டா, குழம்பா என்பதை நறுக்கும்போது முடிவு செய்யலாம். அம்பாசமுத்திரத்தில் என் அம்மாவும், கல்யாணத்துக்குப் பிறகு கும்பகோணத்தில் என் மாமியாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெய், இன்னொரு வீட்டில் நல்லெண்ணெய். ஒரு வீட்டில் எதிலும் தேங்காய் அரைப்பார்கள், இன்னொரு வீட்டில் பருப்புதான் எல்லாவற்றுக்கும் துணை. ஆனால் காயைப் பார்த்தபின் சமையலை முடிவு செய்வதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

கோவையில் இருப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது விவசாயியே நேராக விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் அங்கே வருவது பெரும்பாலும் சுற்று வட்டாரத்தில் அந்த வாரம் பறித்த காய். வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும். இரண்டு மூன்று வாரம் அதைக் கவனித்துப் படித்தாலே எது வரத்து கூடி இறங்குகிறது, எது முடிந்துபோய் ஏறுகிறது என்று பிடிபட்டுவிடும். கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வருடம் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. மார்கழி, தையில் காலிஃப்ளவரும் பச்சைப் பட்டாணியும் முள்ளங்கியும் இருக்கிற ருசி வேறு எப்போதும் இல்லை. ஆனால் அவை மட்டுமே நம் தட்டில் இருக்கும்போது சமவெளிக் காய்கள் மறந்துபோகின்றன.

அந்த மறந்த காய்களின் பெயர் வேண்டுமென்றால், திவசச் சமையல் செய்யும் வீடுகளில் கேளுங்கள். அன்றைக்கு உருளை, கேரட், கோஸ், பீன்ஸ் எதுவும் சேர்க்க மாட்டார்கள். 'இங்கிலீஷ் காய்' என்று சொல்லி ஒதுக்கிவிட்டு அவரை, கொத்தவரை, பாகல், புடலை, வாழைக்காய், வாழைத்தண்டு, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, பரங்கி, வெள்ளரி, மாங்காய் என்று சமைப்பார்கள். பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலாக்காய் அறுநூறு என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். நம்பிக்கை எப்படியோ, நம் சமவெளிக் காய்களின் பட்டியல் அந்த ஒரு நாள் சமையலில் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இனி மாதக் கணக்கு. ஆடியில் தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் விதைப்பு அங்கேதான். ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை 45 நாளில் காய்த்துவிடும். கொத்தவரைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூட ஆகும். ஆகவே ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் வெண்டை, கொத்தவரை, கத்தரி, பாகல், புடலை எல்லாம் இளசாகக் கிடைக்கும். அதே ஆடியில் கொடியேறிய நாட்டு அவரையும் மொச்சையும் மட்டும் காத்திருக்கும். பகல் நேரம் குறைந்தால்தான் அவை பூக்கும். அதனால்தான் ஐப்பசிக்குப் பிறகு பூத்து, கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரை அவரைக் காலம். பூமிக்கடியில் கிழங்குகளும் அதே கணக்கில் மார்கழி, தைக்குத் தயாராகும். மாசி பிறந்தால் மாவடு வரும். பங்குனியில் முருங்கை கட்டுக்கட்டாக இறங்கும். மழைக்காலத்தில் ஒரு காயை எடுத்து விலை கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தவர்கள்கூட அப்போது கட்டாக வாங்கலாம். பலாப்பிஞ்சும் அதே சமயம். சித்திரையில் மாங்காய், வேப்பம்பூ, வெள்ளரி. வைகாசி, ஆனி வெயிலுக்குச் சுரை, வெண்பூசணி, பீர்க்கை.

ஐப்பசி மழையில் கீரையெல்லாம் சேறும் பூச்சியுமாக இருக்கும், நல்ல காயும் குறையும். அந்த மாதத்துக்கான பருவச் சமையல் வத்தக்குழம்புதான். சித்திரை வெயிலில் காயவைத்த சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல், மாவற்றல் எல்லாம் டப்பாவிலிருந்து வெளியே வருவது அப்போதுதான். வற்றலைக் காய் கிடைக்காதபோது சமாளிப்பதற்கான பொருளாகப் பார்க்காதீர்கள். கோடையின் காயை மழைக்காலத்தில் சாப்பிட நம் வீடுகள் கண்டுபிடித்த வழி அது.

சரி, வாங்கி வந்தாயிற்று. என்ன செய்வது? சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன் காயைப் பாருங்கள். அதில் தண்ணீர் எவ்வளவு, நார் எவ்வளவு, மாவு எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசிச் சமையல் தெரிந்த மாதிரி.

சுரை, புடலை, பீர்க்கை, வெண்பூசணி, சௌசௌ எல்லாம் நீர்க்காய். இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். இதில் பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து வடிகட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ருசி முழுக்க அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. இந்தக் காய்களுக்குப் பொருத்தமானது கூட்டு. காய் விடுகிற நீரையெல்லாம் பாசிப்பருப்பு தானே வாங்கிக்கொள்ளும். இரண்டு பேருக்குக் கால் கப் பாசிப்பருப்பை லேசாக வாசம் வரும்வரை வறுத்து, ஒன்றரை கப் தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பருப்பு விரலில் நசுங்குகிற பதம் வந்ததும் கால் கிலோ புடலங்காயை நறுக்கிப் போட்டு மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் காய் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் உப்பு. முதலிலேயே போட்டால் காய் சட்டென்று நீர் விட்டுச் சுருங்கும், அளவும் தவறும். மூன்று மேசைக்கரண்டி தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, இரண்டு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. அவ்வளவுதான். இதே அளவில் புடலைக்குப் பதில் சுரையோ பீர்க்கையோ சௌசௌவோ முட்டைக்கோஸோ போடலாம். பச்சை மிளகாய்க்குப் பதில் அரைத் தேக்கரண்டி மிளகு வைத்தால் வேறொரு கூட்டு. இந்த ஒன்றைக் கை பழக்கிக்கொண்டால் பாதி வருடத்துக்குப் போதும்.

பீர்க்கங்காய் என்றால் தோலை எறியாதீர்கள். இளசான தோலை நல்லெண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, மூன்று மிளகாய் வற்றல், சுண்டைக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காயோடு கொரகொரப்பாக அரைத்தால் சூடான சாதத்துக்கு அதைவிட நல்ல துவையல் எனக்குத் தெரியாது. உள்ளே உள்ளது கூட்டுக்கு, வெளியே உள்ளது துவையலுக்கு என்று ஒரே காயில் இரண்டு வேலை முடியும்.

அவரை, கொத்தவரை போன்ற நார்க்காய்க்குப் பொரியல். பொடியாக நறுக்கி, தாளித்த எண்ணெயில் போட்டு, தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். மூடி வைத்து ஆவியில் வெந்தபின் மூடியை எடுத்து ஈரம் வற்ற ஒரு புரட்டு புரட்டுங்கள். தேங்காய்த்துருவலைப் போட்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொத்தவரைக்கு லேசான கசப்பு உண்டு. அதை மட்டும் தனியாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு உசிலி செய்தால் நன்றாக இருக்கும். உசிலிக்கு நேரம் இல்லாத நாளில் பொடி கைகொடுக்கும். மூன்று ஸ்பூன் தனியா, இரண்டு ஸ்பூன் கடலைப்பருப்பு, இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, ஆறு மிளகாய் வற்றல், பெருங்காயம் எல்லாவற்றையும் வெறும் வாணலியில் சிவக்க வறுத்துக் கரகரவென்று பொடித்துச் சின்ன பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய், வாழைக்காய், கொத்தவரை எதுவானாலும் வதங்கியபின் இரண்டு ஸ்பூன் தூவினால் போதும்.

மாவுக்காயில் வாழைக்காய், சேனை, சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் அடங்கும். இவற்றுக்கு எண்ணெயும் காரமும் தாராளமாகப் பிடிக்கும். சேனை நாக்கில் அரிப்பது அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் துணுக்குகளால். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளி கரைத்த தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு வறுங்கள். சிறுகிழங்கு எங்கள் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் காய். தையில் சில வாரம்தான் வரும். தோல் எடுப்பதற்குப் பயந்தே பலர் வாங்குவதில்லை. ஊறவைத்துச் சாக்குப்பையில் போட்டுக் கல்தரையில் அடித்தால் தோல் கழன்றுவிடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம். அந்த மண்வாசனைக்கு ஈடு எதுவும் இல்லை. கோவையில் கண்ணில் பட்டால் அரை கிலோவாவது வாங்கிவிடுங்கள்.

கசப்பும் துவர்ப்பும் உள்ள பாகல், வாழைப்பூ, வாழைத்தண்டுக்குப் புளியோ மோரோ துணை வேண்டும். வாழைப்பூவையும் தண்டையும் நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள், கறுக்காது. வாழைத்தண்டை மோர்க்கூட்டாகச் செய்தால் வெயில் காலத்துக்கு அமிர்தம்.

புளியைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாணமான முதல் வருடம், துவரம்பருப்பையும் புளித்தண்ணீரையும் ஒன்றாகவே ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு கல்லு மாதிரி நின்றது. மாமியார் எட்டிப் பார்த்து, "புளி போட்டப்புறம் எதுவும் வேகாதும்மா" என்றார். புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் மென்மையாவது மிகவும் தாமதப்படும். இதைத் தெரிந்துகொண்டால் அதையே நமக்குச் சாதகமாக்கலாம். முருங்கைக்காய், முள்ளங்கி, முற்றிய அவரை போன்றவற்றை முக்கால் பதம் வெறும் தண்ணீரில் வேகவைத்துவிட்டு அப்புறம் புளி சேருங்கள். வெண்டை, கத்தரி, பரங்கி போல எளிதில் கரைந்துபோகிற காயை எண்ணெயில் வதக்கி நேராகப் புளித்தண்ணீரிலேயே விடுங்கள், துண்டு துண்டாக நிற்கும். வெண்டைக்காயின் கொழகொழப்பும் அடங்கும். பருப்பை எப்போதும் தனியாக வேகவையுங்கள்.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது, ஒரே காய் பருவத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் வேறொன்று என்பதை. புத்தகத்தில் 'அவரைக்காய் கால் கிலோ' என்று மட்டும்தான் போட்டிருக்கும். கார்த்திகையில் வருகிற அவரை தட்டையாக, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விதை நிழல்கூடத் தெரியாத அளவு இளசாக இருக்கும். அதற்கு உப்பும் தேங்காயும் தவிர எதுவும் வேண்டாம். தை பிறக்கும்போது விதை புடைத்திருக்கும். அப்போது சாம்பாரிலோ பொரிச்ச குழம்பிலோ போடுங்கள். மாசிக்கு மேல் தோல் நாராகிவிட்டால் உரித்து விதையை மட்டும் எடுங்கள். பரங்கியும் அப்படித்தான். தோல் பச்சையாக இருக்கிற இளம் பரங்கியைத் தஞ்சாவூர்ப் பக்கம் பால்கூட்டு வைப்பார்கள். தோலைச் சீவிச் சின்னத் துண்டுகளாக்கி, மிகக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, கால் கப் பாலில் ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெல்லம் சேர்ப்பார்கள். முற்றி மஞ்சளான பரங்கிக்கு அந்த மென்மை சரிவராது. அதற்குப் புளியும் காரமும் வெல்லமும் போட்டுப் புளிக்கூட்டு வையுங்கள்.

இளசைக் கண்டுபிடிக்க: வெண்டையின் நுனி ஒடிந்தால் இளசு. சுரைக்காயில் நகம் இறங்க வேண்டும். முருங்கைக்காயை முறுக்கினால் வளைய வேண்டும், உள்ளே விதை புடைத்துத் தெரியக் கூடாது. கத்தரிக்காய் பார்க்கிற அளவுக்குக் கனமில்லாமல் இருந்தால் விதை குறைவு, காம்பு பச்சையாக இருந்தால் பறித்து நாளாகவில்லை.

முக்கால் மணி நேரக் கணக்குக்கு வருவோம். சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்று தினமும் நாலு செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அதை முதலில் விட்டுவிடுங்கள். என் அம்மா வார நாளில் அப்படிச் செய்ததில்லை. தண்ணீர்ப் பதத்தில் ஒன்று, உலர்ந்த பதத்தில் ஒன்று, மோர். கூட்டு இருந்தால் அதையே சாதத்தில் பிசைந்து, சுட்ட அப்பளம் தொட்டுக்கொள்ளலாம். துவையல் சாதத்துக்கு ஒரு பச்சடி போதும். மோர்க்குழம்பு என்றால் பொரியல். சாதம் குக்கரில் இருக்கும்போதே காயை நறுக்கி, அது இறங்குவதற்குள் தாளித்துவிட்டால் முப்பத்தைந்து நிமிடத்தில் சாப்பிட உட்காரலாம். நேரம் தின்பது நறுக்குவதும் உரிப்பதும்தான். அதனால் வாழைப்பூ, கீரை, மொச்சை, கொத்தவரை நான்கையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவரும் கூட உட்கார்ந்து ஆய்ந்தால் அரை மணி நேர வேலை. சுரை, புடலை, வெண்டை வார நாளுக்கு.

கீரையை மூடாமல் வேகவையுங்கள், பச்சை நிறம் போகாது. கடைந்த பிறகுதான் உப்பு. கட்டுக் கீரை வெந்தால் ஒரு பிடியாகிவிடும், பார்வைக்குத் தெரிகிற அளவுக்கு உப்புப் போட்டால் கரிக்கும்.

இப்போது மார்கழி. இந்த ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் அவரையும் பச்சை மொச்சையும் முள்ளங்கியும் குவிந்திருக்கும். இளம் அவரையில் பொரியல் செய்துவிடுங்கள். மொச்சையை ஒரு கிலோ வாங்கி, உரித்து, விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஒவ்வொரு விதையையும் இரண்டு விரலால் பிதுக்கினால் மேல்தோல் கழன்று உள்ளே பச்சைப் பருப்பு வெளியே வரும். அதுதான் பிதுக்குப் பருப்பு. ஒரு கப் பருப்புக்குச் சின்ன வெங்காயம் பத்து, தக்காளி ஒன்று வதக்கி, ஒரு ஸ்பூன் சாம்பார் பொடியும் பருப்பும் சேர்த்து மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் வெண்ணெய் மாதிரி வெந்துவிடும். தேங்காய், அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை அரைத்து விட்டு ஒரு கொதி. சாதத்துக்கும் நன்றாக இருக்கும், ராத்திரி மிச்சம் இருந்தால் தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும். மாசி தாண்டினால் இந்த ருசிக்கு அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும், ஆகவே இந்த வாரமே செய்துவிடுங்கள்.